கல்யாணசுந்தரி வீட்டுப் பங்கு

“முயல்கறி தின்னுருக்கியா கீர்த்தி?”

காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற டவுன் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கல்யாணசுந்தரி இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தாள். அவள் உடம்பில் வனத்துறையின் காக்கிச் சட்டை இருந்தது. முன் சீட்டில் கீரைக்கூடையோடு இருந்த யாரோ ஒரு அம்மா ஒரு தடவை திரும்பி அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் விட்டுவைத்துத் திரும்பிக்கொண்டது.

“மெதுவாப் பேசுங்க மதினி.”

“எதுக்கு மெதுவா? தின்னுன்னா சொன்னேன்? தின்னுருக்கியான்னுதான கேட்டேன்.”

“சின்னப்புள்ளையில. மாசி மாசம் அப்பா ஊர்லருந்து தாமரை இலையில மடிச்சுக் கொண்டாருவாக. ரெண்டு துண்டு இருக்கும்.”

“எப்புடி இருந்துச்சு?”

“ஞாபகம் இல்ல.”

“நாத்தனா, பொய் சொன்னா ஒனக்குக் காது செவக்கும். இப்பச் செவந்திருக்கு.”

கீர்த்தி சிரித்துவிட்டாள். “நல்லா இருந்துச்சு. மிளகு கொஞ்சம் தூக்கலா.”

“அப்பச் சரி. இன்னைக்குச் சாயங்காலம் சாவடிக்குப் போறேன். இந்த மாசிக்குப் பாரிவேட்டை கெடையாதுன்னு ஊர் அம்பலத்துகிட்டச் சொல்லணும். ‘உங்க ஊருதானம்மா, நீங்களே பேசிருங்க’ன்னு காலையில ரேஞ்சர் சொல்லிட்டாரு.”

“சொன்னாக் கேப்பாகளா?”

“கேக்க மாட்டாக. ஆனா ருசி தெரிஞ்சவ போயி வேணாங்கிறதுக்கும், ருசியே தெரியாத ஆளு போயி வேணாங்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? கல்யாணமாகி வந்த வருசத்துலருந்து நானும் தின்னவதான். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்.”

“கறிதான மதினி. விட்டுட்டா என்ன ஆகப்போகுது?”

கல்யாணசுந்தரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே தைலமரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின.

“ஒங்க அப்பா காரைக்குடியில வீடு கட்டி, வாரந்தவறாம ஆட்டுக்கறி எடுத்த மனுசன். அந்த ரெண்டு துண்டுக்கு எதுக்காம் பஸ் ஏறி வந்தாரு?”

அதற்குள் கல்யாணசுந்தரி இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு விடை கீர்த்திக்குத் தெரியாமல் இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். பள்ளியில் ஆங்கிலம், கல்லூரியில் தமிழ் என்று இரண்டு மொழியிலும் படித்தவள். காரைக்குடி வனச்சரக அலுவலகத்தில் தற்காலிக வேலை; கல்லலிலிருந்து போய்வருகிறாள். மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் போகவேண்டியதை எழுதிக் கொடுப்பாள். இரண்டு மொழி தெரிந்தும் ஒன்றிலும் பேச மாட்டாள் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள்.

கீர்த்தியின் அப்பா சின்னக்கண்ணு பிறந்ததும், கல்யாணசுந்தரி வாழ்க்கைப்பட்டதும் ஒரே ஊர். கல்லலுக்குக் கிழக்கே, கண்மாயும் பொட்டலும் காடுமாகக் கிடக்கிற சூரங்குடிப்பட்டி. பங்காளி வீடுகள். கல்யாணசுந்தரியின் புருசன் மருதுபாண்டி கீர்த்திக்கு அண்ணன் முறை.

அந்த ஊரில் சிவராத்திரி கழிந்ததும் ஆண்கள் நாய்களோடும் கம்புகளோடும் வலையோடும் காட்டுக்குள் இறங்குவார்கள். அதுதான் பாரிவேட்டை. கிடைத்த முயல்களைச் சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, சாவடியில் அறுத்து, ஊரில் எத்தனை தலைக்கட்டோ அத்தனை கூறு போடுவார்கள். கல்யாணம் முடித்துத் தனியாக உலை வைத்தவன் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி வாங்குவதும், திருவிழாவுக்கு அழைப்பதும், சாவு விழுந்தால் வந்து நிற்பதும் அந்தக் கணக்கில்தான். முயல் குறைந்துபோன வருசத்தில் கூறு சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கும். ஆனால் ஒரு வீடு விடுபடாது. விடுபட்டால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம்.

சின்னக்கண்ணு பஸ் ஏறிப் போனது அதற்காகத்தான். அவர் இறந்தபோது காரைக்குடி வீட்டு வாசலில் பாடை கட்டியது பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை. சூரங்குடிப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள்.

கல்யாணசுந்தரி சாக்கோட்டைப் பக்கம் ரைஸ் மில்லில் வேலை பார்த்த நாகநாதனின் மகள். தாவரவியல் படித்தவள். கல்யாணம் முடிந்து, பெண்பிள்ளை பிறந்து, அது தவழ ஆரம்பித்த பிறகுதான் வனக்காப்பாளர் தேர்வு எழுதினாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது நடைத் தேர்வு. குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரம் நடந்தாக வேண்டும். அவளிடம் ஷூ இல்லை. கொழுந்தன் முறையுள்ள சரவணகுமார் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தான். அது இரண்டு விரற்கடை பெரிது. முனையில் பழைய வேட்டித் துணியை அடைத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் துணி நழுவி, கடைசி மைல் முழுக்க இடது கால் ஷூவுக்குள் முன்னும் பின்னும் போய்வந்ததை அவள் சொன்னால், கேட்கிறவர்களுக்கே கால் வலிக்கும்.

வேலை கிடைத்தபோது ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். இடது பக்கம் காக்கிச் சட்டையில் கல்யாணசுந்தரி. வலது பக்கம் வாய் பிளந்த புலி. சிவகங்கை மாவட்டத்தில் புலி ஏது என்று அவள் கேட்டாள். “முயலைப் போட்டா நல்லாருக்காது மதினி” என்றான் ஃபிளெக்ஸ் அடித்த சரவணகுமார்.

முதல் போஸ்டிங் தேனிப் பக்கம் மலையில். மருதுபாண்டி சிங்கப்பூர் போன பிறகு, வீட்டில் முழங்கால் வலியோடு மாமியார் பொன்னுத்தாயியும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் மட்டும். மாறுதல் கேட்டாள். காரைக்குடிச் சரகத்தில் போட்டார்கள். அவளுக்கு ஒதுக்கிய காட்டுப் பகுதிக்குள் அவள் ஊரே இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்ட வம்பு என்று அவளே சொல்வாள்.

பஸ்ஸில் பேசிய அன்று சாயங்காலம் சாவடியில் நடந்ததை மறுநாள் அலுவலகத்தில் கல்யாணசுந்தரி நடித்தே காட்டினாள். ஊர்ப் பெரியவரான கோட்டைச்சாமி அம்பலத்தின் கனத்த குரலையும் அவளே பேசினாள்.

“வாத்தா. மருமகளா வந்திருக்கியா, ஆபீசரா வந்திருக்கியா?”

“ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் மாமா வந்தோம்.”

“சரி, மருமகளுக்கு முதல்ல தண்ணியக் குடு. ஆபீசரு பெறகு பேசட்டும்.”

தண்ணீரைக் குடித்துவிட்டு விசயத்தைச் சொன்னாள். காட்டு முயலைப் பிடித்தால் சட்டப்படி குற்றம், ஜெயில் வரைக்கும் போகும், பையன்கள் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப்போடும்போது இந்த வழக்கு குறுக்கே வந்து நிற்கும். கோட்டைச்சாமி கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“ஒண்ணு கேக்குறேன். வெதச்ச கடலைய மயிலு கிண்டித் திங்கிது. ஒங்க ஆபீசுக்கு மனுக் குடுத்தோம். வந்தீகளா?”

“இல்ல மாமா.”

“நான் புள்ளையா இருந்தப்ப அங்குட்டு பூராம் காராச்செடியும் சூரையும் அடைஞ்சு கெடக்கும். காலு வைக்க முடியாது. அதை அழிச்சுத் தைலமரம் வச்சது நானா?”

“இல்ல.”

“தைலமரத்துக்குக் கீழ முயலு எதைத் திங்கும்? தைலத்தையா? வருசத்துக்கு ஒரு நா நாங்க நாலு முயல் புடிச்சது தப்பு. முயலோட வீட்டப் பூராம் இடிச்சது திட்டமாக்கும்?”

சாவடியில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கல்யாணசுந்தரியும் சிரித்தாளாம்.

“அதுக்கு என்ன மதினி பதில் சொன்னீக?” என்று கேட்டாள் கீர்த்தி.

“என்னத்தச் சொல்ல? அவரு சொன்னது நெசம். ‘மிச்சம் இருக்கதையாச்சும் விட்டு வைப்பமே மாமா’ன்னேன். வாய்க்குள்ளதான் சொன்னேன்னு நெனைக்கிறேன். யாரு காதுலயும் விழுகல.”

வேட்டை நின்றதா என்றால், நிற்கவில்லை. தேதியை மட்டும் மாற்றி ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். காக்கி இருக்கிற வீட்டுக்குச் சேதி போகாமல் பெண்கள்கூட வாயைக் கட்டினார்கள். ஆனால் வேட்டை நாய்க்கு முதல் நாள் சோறு வைக்க மாட்டார்கள். பசித்தால்தான் ஓடும் என்பது வழக்கம். அன்று சாயங்காலம் கோழியைக் கூடை போட்டுக் கவிழ்த்துக்கொண்டே பொன்னுத்தாயி மருமகளிடம் சொன்னாள்: “சரவணன் வீட்டு நாயி என்னத்துக்கு இப்புடி ஊளையிடுது? எழவு, சோறு வைக்கலையாக்கும்.”

கல்யாணசுந்தரி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். ரேஞ்சருக்குப் போன் செய்தாள்.

விடிந்ததும் காட்டு விளிம்பில் வனத்துறை ஆட்கள் நின்றார்கள். மூன்று முயல்கள், ஒரு நீள வலை, ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் சரவணகுமாரும் ஒருவன். ஜீப்பில் ஏறும்போது அவன் மதினியைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தான். அவள் காலில் அரசாங்கம் கொடுத்த புது ஷூ இருந்தது.

அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். வலை மட்டும் வழக்குப் பொருளாகி, சரக அலுவலகத்தின் பின்னறைக்குள் போய்விட்டது. அந்த அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதியது கீர்த்திதான். எழுதி முடித்தபோது அவளுக்குத் தாமரை இலையின் வாசம் ஞாபகம் வந்தது.

நாய் ஊளையிட்டதை யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க ஊருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஆபீசர் தன் வேலையைச் செய்தாள், அதை ஊர் ஒருவேளை பொறுத்திருக்கும். ஆனால் சேதி போனது பொன்னுத்தாயியின் வாயிலிருந்து. அந்த வீட்டிலிருந்து. அதை எப்படிப் பொறுக்கும்?

ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. கூட்டம் போட்டு ஒதுக்கவும் இல்லை. அப்படிச் செய்தால் அதற்கும் சட்டம் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். ஆடி மாசம் சாமிக்குக் கிடாய் வெட்டி, சாவடியில் வழக்கம்போலக் கூறு வைத்தார்கள். கோட்டைச்சாமி எதையும் பார்த்துப் படிப்பவர் இல்லை. தெற்குத் தெருவில் ஆரம்பித்து மனசிலிருந்தே வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். மருதுபாண்டி சிங்கப்பூர் போனதிலிருந்து அவன் வீட்டுப் பங்கைச் சரவணகுமார்தான் வாங்கிக் கொண்டுவருவான். அன்று மருதுபாண்டி வீட்டுக்கு முந்தின வீட்டைக் கூப்பிட்டார். அடுத்து, மருதுபாண்டி வீட்டை விட்டுவிட்டு அதைத் தாண்டிய வீட்டைக் கூப்பிட்டார். 

பொன்னுத்தாயி வாசலில் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தெருவில் எல்லார் வீட்டிலும் குழம்பு கொதிக்கிற வாசம் வந்த பிறகுதான் எழுந்து உள்ளே போனாள். மருமகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கல்லலுக்கு ஆள் விட்டு ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கி, முற்றத்து அடுப்பைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு, ஊர் முழுக்க மணக்கிற மாதிரி மசாலா அரைத்துக் குழம்பு வைத்தாள். வைத்துவிட்டு, ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

“அத்தே, எனக்காகவாச்சும் ரெண்டு துண்டு சாப்பிடுங்க” என்றிருக்கிறாள் கல்யாணசுந்தரி.

“எனக்கு எதுக்கு? நாளைக்கு நான் செத்தா, ஒன் ரேஞ்சரு வந்து தூக்குவாராக்கும்?”

இதை அலுவலகத்தில் கீர்த்தியிடம் சொன்னபோது கல்யாணசுந்தரி நடித்துக் காட்டவில்லை. “வேலையை விட்டுட்டா அடுத்த கிடாவெட்டுக்குப் பங்கு வந்துரும்” என்றாள். “ஆனா வேலைய விடவும் மனசு இல்ல கீர்த்தி. அந்த மூணு முயல்ல ஒண்ணு சினை. கைல தூக்குனேன். சூடா இருந்துச்சு.”

ஐப்பசியில் பெய்யவேண்டிய மழை பெய்யவில்லை. தை பிறப்பதற்குள் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. காட்டில் குட்டை வற்றினால் புள்ளிமான் ஊரைப் பார்த்துத் தண்ணீருக்கு வரும். நாய்கள் துரத்தும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கிளை விரித்த கொம்போடு ஒரு ஆண்மான் ஓடிவந்து விழுந்தது. விழுந்த இடம் கோட்டைச்சாமியின் தோட்டத்துக் கிணறு.

அன்று கீர்த்தி பொன்னுத்தாயியைப் பார்க்க வந்திருந்தாள். போன் வந்ததும் கல்யாணசுந்தரி சட்டையை மாட்டிக்கொண்டு ஓட, இவளும் பின்னால் ஓடினாள். கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. ஆழத்தில் மான் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. சில நேரம் கொம்பு மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

துறை வண்டி குன்றக்குடிப் பக்கம் மயில் செத்துக் கிடக்கிறதென்று போயிருந்தது. தீயணைப்பு வண்டி வேறு ஊரில் இருந்தது. இரண்டும் வர எப்படியும் மத்தியானம் ஆகும்.

“அது வரைக்கும் தாங்காது” என்றான் சரவணகுமார். வழக்குக்குப் பிறகு மதினி காதில் விழ அவன் பேசிய முதல் வார்த்தை அது. “கயித்தக் கட்டி எறங்குனா ஒதைக்கும். கொம்பு வேற.”

“வலை இருந்தா அடியில விட்டு அப்புடியே தூக்கிறலாம்” என்றாள் கல்யாணசுந்தரி.

கோட்டைச்சாமி ஆகாயத்தைப் பார்த்தார். “வலையா? எங்க வலைய ஒங்க ஆபீசுலல்ல பூட்டி வச்சிருக்கீக.”

ஒரு கிழவர் இருமினார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கீர்த்தி சுற்றிப் பார்த்தாள். ஊரில் இன்னொரு வலை இருக்கிறது என்பது அந்த முகங்களிலேயே எழுதியிருந்தது. அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்தது; பாதிப் பேர் கோட்டைச்சாமி வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். காக்கிச் சட்டை நிற்கிற இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வருவது எப்படி? கண்ணால் பார்த்தால் அவள் பறிமுதல் செய்தாக வேண்டும். பார்த்தும் செய்யாவிட்டால் அவள் வேலைக்கு ஆபத்து.

கீழே மான் ஒரு தடவை முழுகி எழுந்து, தும்மியது.

கல்யாணசுந்தரி போனை எடுத்துப் பார்த்தாள். “இங்குட்டு டவரே இல்ல. நான் ரோட்டுக்குப் போயி ரேஞ்சருக்குப் போன் போட்டுட்டு வாரேன்” என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “கொஞ்ச நேரம் ஆகும். கீர்த்தி, நீயும் வா.”

இரண்டு பேரும் வரப்பு வழியாக நடந்தார்கள். ரோட்டோரம் போனதும் கல்யாணசுந்தரி கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, போனைக் காதில் வைத்தாள். கிணற்றடியிலும் டவர் நன்றாகவே இருந்தது. பின்னால் ஓடுகிற காலடிச் சத்தமும், “புடி, மடிச்சுப் புடி, கொம்பப் பாரு” என்கிற கூச்சலும் கேட்டன. அவள் திரும்பவில்லை. 

“யாருக்கு மதினி போன் போட்டீக?”

“ஒங்க அண்ணனுக்கு. ரிங் போகுது. எடுக்கல. ஞாயித்துக்கெழமைகூட ஓவர் டைம் பாக்குறாரு.” அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். “நான் இப்பச் செய்றது சரியா கீர்த்தி?”

 கீர்த்தியும் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கூச்சல் ஆரவாரமாக மாறியதும் திரும்பிப் போனார்கள். மான் கரையில் கிடந்தது. வயிறு ஏறி இறங்கியது. சொட்டச் சொட்ட நனைந்த சரவணகுமார் அதன் கண்ணைத் துண்டால் மூடிப் பிடித்திருந்தான். வலை எங்கும் இல்லை. ஈர விலாவில் கட்டம் கட்டமாகக் கயிறு அழுந்திய தடம் மட்டும் இருந்தது.

“எப்புடித் தூக்குனீக?”

“சும்மா கட்டிப் புடிச்சுத்தான் மதினி” என்றான் சரவணகுமார். “எங்களப் பாத்ததும் அதுவே ஏறி வந்துருச்சுன்னு வச்சுக்குங்களேன்.”

கூட்டம் சிரித்தது. கல்யாணசுந்தரி மண்டியிட்டு, மானின் கொம்புக் கவட்டில் சிக்கியிருந்த அறுந்த கயிற்றுத் துணுக்கை விரலால் எடுத்தாள். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கோட்டைச்சாமி அதைப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம் வண்டியோடு வந்த ரேஞ்சர் எல்லோருக்கும் நன்றி சொல்லி, மானைக் காட்டு ஓரத்தில் விட ஏற்பாடு செய்தார். எதை வைத்துத் தூக்கினீர்கள் என்று அவரும் கேட்டார்.

“கயிறுங்கய்யா” என்றார் கோட்டைச்சாமி. “நல்ல கயிறு.”

மறுநாள் கீர்த்தி அறிக்கையில், பொதுமக்கள் உதவியுடன் மான் மீட்கப்பட்டது என்று எழுதினாள். அதற்கு மேல் அதில் எழுத எதுவும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

விசயம் அதோடு முடியவில்லை. மாசி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரமே கல்யாணசுந்தரி கோட்டைச்சாமியைத் தேடிப் போனாள். கீர்த்தியையும் கூட அழைத்துப்போனாள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“கயிறு எப்புடி மாமா இருக்கு?”

“காயப் போட்டிருக்கேன்.”

“வீட்டுல இருந்தா அது கயிறு. காட்டுக்கு வந்துச்சுன்னா வலை. நான் ஒரு தடவைதான் முதுகக் காட்டுவேன் மாமா. இன்னொரு தடவ காட்ட மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

கோட்டைச்சாமி வாளியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று கீர்த்தி நினைத்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கும் சலிச்சுப்போச்சுத்தா. மூணு முயல வச்சு ஊருக்கே பங்கு போடணும்னா என்னத்தப் போடுறது? ஒருத்தனுக்குக் கறி, ஒருத்தனுக்கு எலும்பு, ஒருத்தனுக்கு ரோமம். வாங்கிட்டுப் போறவன் என்னையத்தான் வைய்யிறான்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “எங்க அய்யா காலத்துல ஒண்ணுமே கெடைக்காம வெறுங்கையோட திரும்புன வருசமும் உண்டு. அப்பச் சாமிக்குத் தேங்காய ஒடைச்சு, அந்தச் சில்லையே கூறு போடுவாக. அதுவும் பாரிவேட்டைதான். அதுக்கும் பங்கு உண்டு.”

“நாயி?”

“நாயி சும்மா கூட வரும். கயித்துல புடிச்சுக்கிருவோம். அதுக்குச் சோறும் வச்சிருவோம்.” அவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். “இல்லாட்டிப் பொன்னுத்தாயிக்குக் கேட்டுருமே.”

கல்யாணசுந்தரி சிரிக்கவில்லை. “எங்க வீட்டப் பேசாமப் போயிருவீகளோன்னு பாத்தேன். நீகளே பேசிட்டீக. அந்தச் சில்லுல எங்க வீட்டுக்குப் பங்கு உண்டா மாமா?”

கோட்டைச்சாமி வாளியை மாட்டுக்கு இன்னும் கிட்டத் தள்ளினார்.

“பேரக் கூப்புடுவேன்” என்றார் அவர். “மானு என் கெணத்துல செத்திருந்தா, நாய விட்டது நான்தான்னு என் மேலதான் கேசு வந்திருக்கும். அது எனக்குத் தெரியாம இல்ல. ஆனா கூப்புட்டா வந்து வாங்க ஆளு வேணுமே? சரவணன் நிக்க மாட்டான். மானுக்காகக் கெணத்துல குதிச்சான். ஒனக்காகக் குதிக்க அவனுக்கு இன்னும் நாளாகும். மருது சிங்கப்பூருல கெடக்கான். வேற யாரு வருவா?”

“நான் வாரேன்.”

“சாவடியில பொம்பள நின்னு பங்கு வாங்குனது இல்லத்தா.”

“இந்த ஊருல பொம்பள காக்கி போட்டதும் இல்ல மாமா. அதுக்கு ஃபிளெக்ஸ் வச்சீக.”

கோட்டைச்சாமி மாட்டின் கயிற்றை அவிழ்த்தார். “கூப்புடுறது என் வேலை. மத்தத ஊரு பாத்துக்கிரும்” என்று சொல்லிவிட்டு மாட்டை இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மாசியில் வேட்டைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சாவடியில் தேங்காய் உடைந்தது. தெற்குத் தெருவில் ஆரம்பித்துப் பெயர்கள் வந்தன. “மருதுபாண்டி வீடு” என்ற குரல் கேட்டபோது, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே நூல் சேலை கட்டிய ஒருத்தி நடந்து போனாள். காக்கியை அன்று வீட்டில் வைத்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோட்டைச்சாமி அவள் கையில் சில்லை வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலேயே அடுத்த பெயரைச் சொன்னார்: “சின்னக்கண்ணு வீடு.” ஒரு வருசத்துக்கும் மேலாக வாங்க ஆளில்லாமல் நின்றுபோயிருந்த பெயர் அது. கூட்டம் மறுபடியும் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

பொன்னுத்தாயி அந்தச் சில்லை உடனே தின்னவில்லை. தூக்குவாளியில் போட்டு, மூடிவைத்து, மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்தி அன்று சாவடிக்கு வந்தது தானாக எடுத்த முடிவு இல்லை. சிவராத்திரிக்கு முந்தின வாரம், அதே டவுன் பஸ்ஸில், கல்யாணசுந்தரி ஊர் நெருங்கும் வரைக்கும் ஒன்றும் பேசாமல் வந்தாள். இறங்குவதற்காக எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் குனிந்து சொன்னாள்:

“ஒங்க அப்பா பேரு எங்க வீட்டுக்கு அடுத்தாப்புலதான் வரும். நீயும் வா கீர்த்தி. எனக்காக ஒண்ணும் பேச வேணாம், ஒனக்குத்தான் பேச்சு வராதே. என் பக்கத்துல சும்மா நில்லு.”